கோளாறு விவரம்

லிஃப்ட்டை மேலே தூக்குவது மோட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம் மோட்டார், அது அவ்வளவு பெரிய ஆள் இல்லை. பெட்டியைக் கட்டியிருக்கும் இரும்புக் கயிறு நேரே உச்சிக்குப் போய், அங்கே பள்ளம் வெட்டிய ஒரு சக்கரத்தின்மேல் ஏறி, மறுபக்கம் இறங்குகிறது. அந்த மறுமுனையில் இரும்புப் பாளங்களை அடுக்கி ஒரு சட்டத்தில் பூட்டித் தொங்கவிட்டிருப்போம். அதற்கு எதிர்எடை என்று பெயர். நீங்கள் மேலே போனால் அது கீழே வரும். நீங்கள் கீழே வந்தால் அது மேலே போகும். உங்கள் முதுகுக்குப் பின்னால், ஒரு தகரத்துக்கு அந்தப் பக்கம், சத்தமே போடாமல். இரண்டு பக்கத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைச் சமாளிப்பது மட்டும்தான் மோட்டாரின் பாடு.

இதை நான் மருந்துக்கடை மேடத்திடம் நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் நான் சொல்ல வந்தது வேறு. வாயைத் திறந்தால் எதிர்எடைதான் வந்து விழுந்தது.

நான் மாதாமாதம் சர்வீஸ் செய்யப் போகும் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் தரைத்தளத்தில், லிஃப்ட் வாசலுக்கு நேர் எதிரே அவர் கடை. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஒருமுறை பேச்சுவாக்கில், வீட்டில் தானும் ஒரு மின்விசிறியும்தான், அதில் விசிறிதான் அதிகம் பேசும் என்று சொன்னார். என்ன சத்தம் வருகிறது, வேகத்தைக் கூட்டினால் சத்தமும் கூடுகிறதா என்று நான் கேட்டேன். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அவரை எனக்கு எப்போது பிடித்துப்போனது என்று துல்லியமாகச் சொல்ல முடியும். விரலில் வெட்டுப்பட்டு, பிளாஸ்திரி வாங்கக் கடை வாசலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஓர் ஆள் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை கேட்டார். மேடம் தலையைத் தூக்காமலே கேட்டார்: "சாப்பாட்டாலயா, சொந்தக்காரங்களாலயா?"

அந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுந்தான்" என்றார்.

"சாப்பாட்டுக்கு இது, ராத்திரி ஒண்ணு. இன்னொண்ணுக்கு நானே ரொம்ப நாளா மருந்து தேடிக்கிட்டிருக்கேன்."

நான் பிளாஸ்திரி வாங்காமலே மேலே போய்விட்டேன். மொட்டைமாடிக்குப் போய் ஸ்பானரை எடுத்தபோதுதான் விரலில் காயம் இருப்பதே நினைவுக்கு வந்தது.

அந்தக் கடையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்று, மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் கதவில் வாரம் ஒரு கவிதை ஒட்டுவார். வாரப் பத்திரிகையில் படித்ததைப் பெரிய எழுத்தில், தன் கையாலேயே எழுதி ஒட்டுவார். காத்திருப்பவர்கள் அதைப் படித்துக்கொண்டிருந்தால் வரிசைக்காகச் சண்டை போட மாட்டார்கள் என்று காரணம் சொன்னார். ஆனால் ஒட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, தானே இன்னொரு தடவை படிப்பார். சண்டையைத் தடுப்பதற்கு அந்தச் சாய்ந்த தலை தேவையில்லை.

இன்னொன்று, மேசைமேல் இருக்கும் நீலத் தட்டு. மருந்துச் சீட்டை அதில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம். வரிசைப்படி எடுத்துக் கட்டி வைப்பார். சீட்டை யார் கையில் நீட்டினாலும் வாங்க மாட்டார். "தட்டுல போடுங்க. தட்டுக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்பார்.

போன மாதம், சர்வீஸ் நாளுக்கு நாலு நாள் முன்னால் அந்த வழியாகப் போனபோது, குளிர்பெட்டிக் கதவில் கவிதைக்குப் பக்கத்தில் இன்னொரு காகிதம் இருந்தது. வரும் சனிக்கிழமை முதல் கடை வேறிடத்துக்கு மாறுகிறது என்று எழுதி, ஊரின் மறுகோடியிலுள்ள ஒரு முகவரியைப் போட்டிருந்தார். அந்தத் தெரு எனக்குத் தெரியும். வரிசையாகக் கடைகள், எல்லாம் ஒற்றைத் தளம். மாடியே இல்லாத இடத்தில் லிஃப்ட்காரனுக்கு என்ன வேலை? சனிக்கிழமைக்குப் பிறகு அவரைப் பார்க்க எனக்கு ஒரு சாக்குகூட இருக்காது. சர்வீஸ் நாள் வியாழக்கிழமை. அன்றைக்குச் சொன்னால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

வாயால் சொன்னால் எதிர்எடைதான் வரும் என்பது நிரூபணமான விஷயம். அவருக்கோ கவிதை பிடிக்கும். ஆகவே கவிதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

எழுதியதை அக்காவிடம் காட்டினேன். அக்கா வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். காட்டாமல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். இரவு சாப்பாடு முடிந்து, மாமா டம்ளரில் டீயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கவிதை இதுதான்:

அன்பின் ஆழத்தில்
ஏக்கத்தின் எல்லையில்
நினைவின் நீளத்தில்
நித்தமும் நான்.

அக்கா இரண்டு தடவை படித்தாள். பிறகு கேட்டாள்: "ஆழம் எவ்வளவு?"

"அக்கா, இது கவிதை."

"நீளமும் சொல்லியிருக்க. அகலம் மட்டுந்தான் பாக்கி. அதையும் சொன்னா எந்தச் சைஸ் பெட்டின்னு பாத்துச் சொல்லிடுவேன்."

மாமாவுக்கு டீ மூக்கில் ஏறியது.

அக்கா கேலிக்காக மட்டும் அப்படிக் கேட்கவில்லை. அவள் ஒரு கூரியர் கம்பெனியில் பார்சல் பதிவு செய்யும் கவுன்ட்டரில் இருக்கிறாள். நாள் முழுக்க அவள் கேட்கும் ஒரே கேள்வி, "உள்ள என்ன இருக்கு?" வருகிறவர்கள் 'சாமான்' என்பார்கள், 'வீட்டுப் பொருள்' என்பார்கள், ரொம்ப உஷாரானவர்கள் 'அன்பளிப்பு' என்பார்கள். அக்கா எதையும் எழுதிக்கொள்ள மாட்டாள். கண்ணாடிக் குவளை என்றால் சுற்றிலும் வைக்கோல் வைக்க வேண்டும், எண்ணெய்ப் புட்டி என்றால் நிமிர்த்தி வைக்க வேண்டும், புத்தகம் என்றால் அடியில் போட்டு அதன்மேல் நாலு பெட்டியை ஏற்றலாம். உள்ளே இருப்பது தெரிந்தால்தானே எப்படித் தூக்குவது என்று தெரியும்? 'அன்பளிப்பு' என்ற சொல்லை யாராலும் தூக்க முடியாது என்பது அவளுடைய கட்சி.

"ஏக்கம்னு வெளிய எழுதி ஒட்டிட்டா உள்ள ஏக்கம் இருக்குன்னு நான் எப்படிடா நம்பறது? பிரிச்சுக் காட்டு."

எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று எனக்குப் புரியவில்லை. அக்கா மாமா பக்கம் திரும்பி, கோபம் என்ற வார்த்தையைச் சொல்லாமல் கோபத்தைச் சொல்லும்படி கேட்டாள். மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நீ டம்ளரை மேசையில வைக்கிற சத்தம்."

"பொறுமை?"

"அந்தச் சத்தத்துக்கு அப்புறமும் அதே டம்ளர்ல டீ குடிக்கிற மனுஷன்."

அக்கா அவரை முறைத்தாள். ஆனால் எனக்கு ஏதோ ஒரு சுவிட்ச் போட்டதுபோல் இருந்தது. டம்ளரின் சத்தம் எனக்கு உடனே கேட்டது. கோபம் என்று சொல்லியிருந்தால் எதுவும் கேட்டிருக்காது. அது தலையாட்டிவிட்டுப் போய்விடுகிற சொல். சத்தத்தைச் சொன்னால் கோபம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரும் அதை அழைக்கவே வேண்டாம்.

அடுத்து என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அக்கா அதற்கும் வழி சொன்னாள். அந்த மேடத்தை நினைத்தால் உடம்பில் எங்கே என்ன ஆகிறது என்று பார்க்கச் சொன்னாள். மாமா உடனே, அக்காவை முதன்முதலாகப் பார்த்தபோது தனக்கு வயிற்றைக் கலக்கியதாகத் தெரிவித்தார்.

"அது பயம்" என்றாள் அக்கா.

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் ரெண்டையும் பிரிக்கத் தெரியல" என்றார் மாமா.

உடம்பில் எங்கே என்ன ஆகிறது என்று எழுதுவது எனக்குக் கைவந்த வேலை என்பது அப்போதுதான் உறைத்தது. லிஃப்ட்டில் கோளாறு என்றால் நாங்கள் 'லிஃப்ட் சரியில்லை' என்று எழுத மாட்டோம். எங்கே சத்தம் வருகிறது, எந்த மாடியைத் தாண்டும்போது வருகிறது, பாரம் ஏற்றினால் கூடுகிறதா குறைகிறதா என்றுதான் எழுதுவோம். ஆக, நான் இத்தனை வருடமாகக் கவிதைதான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆள்தான் மாற வேண்டும்.

வியாழக்கிழமை காலையில் கட்டடத்துக்குப் போனதும், முதல் வேலையாக லிஃப்ட் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' பலகையை மாட்டிவிட்டு, படிக்கட்டின் ஓரம் உட்கார்ந்து எழுதினேன். கையில் இருந்த ஒரே காகிதம் எங்கள் கம்பெனியின் சர்வீஸ் சீட்டு. மேலே என் தொலைபேசி எண்ணும், 'பணி நடக்கும் இடம்: மொட்டைமாடி, இயந்திர அறை' என்ற வரியும் இருக்கும். அதற்குக் கீழே பெரிதாக 'கோளாறு விவரம்' என்று அச்சடித்து, நிறைய இடம் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் நிதானமாக எழுதினேன்.

நெஞ்சின் இடப்பக்கம் ஒரு பாரம்.
படி ஏறாமலே மூச்சு வாங்குகிறது.
உள்ளங்கை வியர்க்கிறது.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.
இரவில் உறக்கமில்லை.
உங்கள் கடை வாசலுக்கு வந்தால் எல்லாம் கூடுகிறது.

அன்பு இல்லை, ஏக்கம் இல்லை, நினைவு இல்லை. எல்லாம் தொட்டுப் பார்க்கக்கூடிய சமாசாரங்கள். அக்கா பார்த்தால் அப்படியே எடைபோட்டு முத்திரை குத்துவாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள், காட்ட வழியில்லை. காட்டியிருந்தால் அவளாவது அந்த அச்சடித்த தலைப்பைக் கவனித்திருப்பாள்.

மேடத்தின் கையில் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. கடைக்குள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் நிமிர்ந்து, "வாங்க லிஃப்ட் சார், இன்னைக்குத்தான் கடைசி சர்வீஸா நமக்கு?" என்றார். என் நாக்கு நாலாவது வரியின்படி நடந்துகொண்டது. கை தானாகப் போய்ச் சீட்டை நீலத் தட்டில் போட்டது. நான் லிஃப்ட்டில் ஏறி உச்சிக்குப் போய், மொட்டைமாடிக் கதவைத் திறந்து, இயந்திர அறைக்குள் நுழைந்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். சர்வீஸ் என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அதோடு, யாரும் உடனே மேலே வர முடியாது என்பதும் அந்த நிமிஷத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இயந்திர அறையில் தொலைபேசிக்கு சிக்னல் வராது. சுவர் அவ்வளவு கனம்.

நான் பிரேக் கட்டையின் தேய்மானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு நின்று நின்று. அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு மேடம் வந்து நின்றார். ஒரு கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, இன்னொரு கையில் என் சீட்டும் ஒரு மாத்திரை அட்டையும். அவற்றைத் தரையில் வைத்துவிட்டு நெஞ்சின் இடப்பக்கம் கையை அழுத்திக்கொண்டார். மூச்சு வாங்கியது. கதவில் ஊன்றிய உள்ளங்கை ஈரமாகப் பதிந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நாக்கு எழவில்லை. என் கவிதை வரி வரியாக வாசலில் வந்து நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பேச்சு வந்தது. "படுங்க."

"மேடம்?"

"படுங்கன்னா படுங்க சார்."

மோட்டாருக்குப் பக்கத்தில் விரித்திருந்த தகரத்தில் படுத்தேன். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடி எண்ணத் தொடங்கினார். அவர் விரல் பட்டதும் நாடி எப்படி ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் முகம் வெளிறிவிட்டது.

"இடது கை வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"தாடை?"

"இல்ல."

"எத்தனை நாளா இருக்கு இது?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசமாவா? யார்கிட்டயும் காட்டலயா?"

"அக்காகிட்ட காட்டினேன்."

"அக்கா டாக்டரா?"

"கூரியர்."

அவர் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சலில் உளறுகிறேனா என்று சோதித்திருக்க வேண்டும்.

"அவங்க என்ன சொன்னாங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுக் காட்டச் சொன்னாங்க."

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அறுவைச் சிகிச்சை வரைக்கும் போய்விட்டது என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னார். கீழே வாட்ச்மேனை நிறுத்திவைத்திருப்பதாகவும், மொட்டைமாடிச் சுவரிலிருந்து தான் கையைக் காட்டினால் ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லியிருப்பதாகவும் சொல்லி, எழுந்து வெளியே போகப் பார்த்தார். இனியும் படுத்திருந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தெரிந்தது.

"மேடம், அது கவிதை."

அவர் நின்றார். "எது?"

"கோளாறு விவரத்துக்குக் கீழ இருக்கறது."

சீட்டை எடுத்தார். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். மின்சாரம் இல்லாத இயந்திர அறை எவ்வளவு அமைதியானது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கடைசி வரியில் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு என் கருவிப்பெட்டியின்மேல் உட்கார்ந்தார். சிரிப்பாரா அடிப்பாரா என்று ஊகிக்க முடியவில்லை. இரண்டுக்கும் முகம் தயாராக இருந்தது.

"ஆறு மாடி" என்றார். "கல்லாவைக்கூடப் பூட்டாம ஓடி வந்திருக்கேன்."

மன்னிக்கச் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"வயித்தெரிச்சல்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் ஒரு கேள்வி கேப்பேன். உங்ககிட்ட அதைக் கேக்காம விட்டுட்டேன் பாருங்க, அதான் என் தப்பு."

"சாப்பாட்டாலயா, சொந்தக்காரங்களாலயா?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. சீட்டை மறுபடி விரித்து, விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். "இந்தப் பாரம், மூச்சு, வியர்வை எல்லாம் யாருக்கு வேணாலும் வரும் சார். எனக்கே இப்ப வந்திருக்கு, படி ஏறினதுல. அதுக்காக நான் என்ன படிக்கட்டை லவ் பண்றேனா?"

அவர் சொன்னது சரி. டம்ளர் வைக்கும் சத்தம் அக்காவின் கோபத்தை மட்டும்தான் சொல்லும். வேறு எந்த வீட்டுக் கோபத்துக்கும் அது பொருந்தாது. என் பாரமும் மூச்சும் எந்த ஆளுக்கும் எந்த நோய்க்கும் பொருந்தின. தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. அதில் நான் இருக்க வேண்டும், அவர் இருக்க வேண்டும்.

மேடம் எழுந்துகொண்டார். கடை திறந்து கிடக்கிறது, இறங்க வேண்டும், ஆனால் இனி ஒரு படிகூடத் தன்னால் முடியாது என்றார். நான் மெயின் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் லேசாக உறுமிக்கொண்டு தயாரானது. அவர் வாசலை நோக்கித் திரும்பினார். அவ்வளவுதான், கதை முடிந்தது என்று தெரிந்தது. பதற்றத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்தது.

"மேடம், லிஃப்ட்டைத் தூக்கறது மோட்டார் இல்ல."

"தெரியும் சார். எதிர்எடை."

"இங்க ஒரு நிமிஷம் பாருங்களேன்."

இயந்திர அறையின் தரையில் கயிறு இறங்குவதற்கு இரண்டு துளைகள் உண்டு. சக்கரத்தின் இந்தப் பக்கமிருந்து இறங்குவது பெட்டிக்கு, அந்தப் பக்கமிருந்து இறங்குவது எதிர்எடைக்கு. அவர் குனிந்து பார்த்தார். நான் சொல்ல ஆரம்பித்தேன். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் அன்றைக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"பெட்டியும் எதிர்எடையும் ஒண்ணையொண்ணு தாண்டறது நடு மாடியில மட்டுந்தான். ஒரே ஒரு நொடி. அப்பக்கூட நடுவுல தகரம். ஆனா கயிறு ஒண்ணுதான் மேடம். கீழ நீங்க அசைஞ்சா மேல இது அசையாம இருக்க முடியாது. இந்தக் கட்டடத்துல எனக்கு மாசத்துல ஒரு நாள்தான் வேலை. மத்த நாள் வேற வேற கட்டடத்துல இருப்பேன். அங்கயும் கயிறு இழுத்துக்கிட்டுதான் இருக்கு. சனிக்கிழமை நீங்க போயிட்டீங்கன்னா..."

"போயிட்டா?"

"எதிர்எடையைக் கழட்டிட்டா, வெறும் பெட்டியைக்கூட இந்த மோட்டாரால தூக்க முடியாது."

அவர் துளையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. கயிற்றைப் பார்த்தபடியே கேட்டார். "இதை எங்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க?"

"நாலஞ்சு தடவை இருக்கும்."

"அப்பெல்லாம் நீங்க எதிர்எடையைப் பத்தித்தான் பேசறீங்கன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன் மேடம்."

அவர் சிரித்துவிட்டார். பெரிய சிரிப்பெல்லாம் இல்லை. மூக்கு வழியாக வந்த காற்று. பிறகு இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். உடம்பில் எங்கே என்று அக்கா கேட்டதால் உடம்பை எழுதினேன் என்றேன். உங்கள் அக்காவை ஒருநாள் பார்க்க வேண்டும் என்றார். என்ன தொனியில் சொன்னார் என்று இப்போதுகூட எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

சீட்டைத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டினேன். "தட்டுல விழுந்த சீட்டு இது. மருந்து கட்டாம யாருக்கும் திருப்பித் தர்றதில்ல" என்று மடித்து எடுத்துக்கொண்டு போனார். போகிற வழியில் மொட்டைமாடிச் சுவரிலிருந்து எட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கீழே கையை ஆட்டினார். வாட்ச்மேன் அதை வணக்கம் என்று எடுத்துக்கொண்டு பதிலுக்குக் கையை ஆட்டியதாகக் கேள்வி.

லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டது. சக்கரம் சுழல ஆரம்பித்தது. கயிற்றில் மாடிக்கு ஒன்றாக மஞ்சள் வண்ணக் கோடு போட்டிருப்போம்; பெட்டி எங்கே இருக்கிறது என்று மேலிருந்தே தெரிந்துகொள்ள. ஐந்தாவது மாடிக் கோடு போயிற்று. நாலாவது போயிற்று. மூன்றாவது கோடு சக்கரத்துக்கு வந்ததும் மோட்டார் நின்றது.

எனக்கு உயிரே நின்றுவிட்டது. சர்வீஸ் செய்கிறேன் என்று பிரேக்கில் கை வைத்துவிட்டு, பாதியில் எழுந்து படுத்துக் கவிதை பேசியிருக்கிறேன். எதையாவது முறுக்காமல் விட்டேனா என்று பாய்ந்தேன். அதற்குள் சுவரில் இருந்த இன்டர்காம் அலறியது. பெட்டிக்குள் யாராவது சிக்கிக்கொண்டால் இயந்திர அறைக்குப் பேசுவதற்காக வைத்தது அது. இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அதை அமுக்கியதில்லை.

"லிஃப்ட்காரரே" என்றது குரல். 'சார்' என்ற சொல்லைக் காணவில்லை.

"மேடம், மாட்டிக்கிட்டீங்களா? பயப்படாதீங்க, கதவைத் தள்ளாதீங்க, நான் இப்பவே..."

"நான்தான் மூணை அமுக்கினேன். இங்கதானே ரெண்டும் தாண்டும்?"

"ஆமா மேடம். ஆறு மாடின்னா மூணுதான் நடு."

"தகரந்தான் தெரியுது. அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலயே."

"இருக்கு மேடம். நேரா உங்க முதுகுக்குப் பின்னாடி."

தகரத்தை விரலால் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சரி, நம்பறேன்" என்றார். பிறகு, வேறு ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, புதுக் கடையின் ஷட்டர் பாதியில் நின்றுவிடுகிறது, கீழே இறங்க மாட்டேன் என்கிறது, ஷட்டருக்கும் எதிர்எடை உண்டா என்று கேட்டார்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஷட்டருக்கு எதிர்எடை கிடையாது, மேலே உருளைக்குள் சுருள்வில் இருக்கும், ஷட்டர் இறங்க இறங்க அது முறுக்கிக்கொள்ளும், ஏற்றும்போது அந்த முறுக்குதான் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், முறுக்கு அதிகமாகிவிட்டால் பாதியில் நிற்கும் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டு, "ஒண்ணும் பெரிய விஷயமில்ல மேடம், அரை மணி நேர வேலை" என்று முடித்தேன்.

இன்டர்காமில் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பொத்தானைத் தட்டினேன்.

"அரை மணியா?" என்றது குரல், மிகவும் ஏமாற்றமாக.

நான் பொதுவாக மெதுவாகப் புரிந்துகொள்கிற ஆள். எதிர்எடை விஷயமே எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஆனால் அந்த அரை மணியில் இருந்த எடை எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"சுருள்வில்லை ஒரே தடவையில நம்ப முடியாது மேடம். திரும்பத் திரும்ப வந்து பாக்கணும்."

"எத்தனை தடவை?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

"தினம் ஒரு வேளை. கடை சாத்தறதுக்கு முன்னாடி. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தக் கூடாது, அப்புறம் எந்த மருந்தும் கேக்காது."

மூன்றாவது மாடிக் கோடு நகர்ந்தது. அவர் கீழே போகப் போக, துளைக்குள் எண்ணெயும் தூசியும் படிந்த எதிர்எடையின் தலை இருட்டிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. நான் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்து எல்லா போல்ட்டையும் இரண்டாவது முறை சரிபார்த்தேன். இனி அந்தப் பெட்டியில் போகிறவர்கள் யாரும் சும்மா ஆட்கள் இல்லை.

வேலை முடிந்து நான் கீழே இறங்கியபோது கடையில் நல்ல கூட்டம். மேடம் நிமிரவில்லை. நீலத் தட்டுக்குப் பக்கத்தில், கட்டிவைத்த மருந்து உறைகளின் வரிசையில், என்னுடையதும் இருந்தது. வரிசையில் நின்று எடுத்துக்கொண்டேன். தட்டுக்கு எல்லாரும் ஒன்றுதான்.

வெளியே வந்து பிரித்தேன். உள்ளே ஒரு பிளாஸ்திரி இருந்தது. அன்றைக்கு வெட்டுக்காயத்தோடு வந்து, எதுவும் வாங்காமல் போன ஆளை அவர் மறக்கவில்லை. அதோடு என் சீட்டு. முதல் ஐந்து வரிகளையும் சிவப்புப் பேனாவால் அடித்திருந்தார். கடைசி வரி மட்டும் அப்படியே இருந்தது: உங்கள் கடை வாசலுக்கு வந்தால் எல்லாம் கூடுகிறது.

மேலே அச்சடித்திருந்த தலைப்பையும் அவர் அடிக்கவில்லை.